துடியலூரில் இருந்த ராமேஸ்வரம்

மன்னரின் வெள்ளி விழாவுக்காகச் சென்ற ஆண்டு வெளிவந்த தபால் தலைகளில் ஓரணாத் தலையில் ராமேஸ்வரம் கோயிலின் படமும் அதன் பக்கத்தில் மன்னரின் முகமும் இருக்கின்றன. அதில் ஒரு முழுத் தாள், ஒரு தலைகூடக் கிழிக்கப்படாமல், துடியலூருக்கு மேற்கே ஒரு தோட்டத்து வீட்டில் இருப்பதாகத் தை மாதம் எனக்குச் செய்தி வந்தது. சொன்னவர் அந்த வீட்டுப் பருத்தியை வாங்கும் தரகர். "அந்தம்மா அதை வித்துத்தானுங்க ராமேஸ்வரம் போகோணும்னு இருக்குது. நல்ல வெலை குடுத்தீங்கன்னா போயிருமுங்க" என்றார்.

நான் மதுக்கரையில் சிமெண்ட் ஆலைக் கணக்கன். பன்னிரண்டு வருஷமாகத் தலை சேர்க்கிறேன். ஊரில் மற்றவர்கள் மிச்சம் பிடித்து நகை வாங்குகிறார்கள், நான் காகிதம் வாங்குகிறேன். காகிதம் என்று சொல்வது என் மனைவி. ஒரு முழுத் தாளைப் பூச்சி அரிக்காமல், பசை இளகாமல் இருபது வருஷம் வைத்திருந்தால் அது நகையைவிட நன்றாக விலைபோகும் என்பது என் நம்பிக்கை. அதனால் இருபது ரூபாய், அதாவது என் அரை மாதச் சம்பளம், கொடுக்கலாம் என்று துணிந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை வருவதாக ஒரு கார்டும் போட்டேன். அந்தக் கார்டுதான் வினையாயிற்று.

மதுக்கரையிலிருந்து கோயமுத்தூர் ஏழு மைல். பஸ்ஸுக்கு இரண்டணா. புறப்படும் நேரம் ஆறேகால் என்பார்கள். டிரைவர் வண்டி நிறையும் வரை பீடி குடித்ததில் ஆறே முக்கால் ஆகிவிட்டது. கோயமுத்தூரில் இட்லியும் காப்பியும் ஒன்றரை அணா. மேட்டுப்பாளையம் பஸ்ஸில் துடியலூர் ஆறு மைல், அதற்கும் இரண்டணா. எட்டரைக்கு இறங்கிவிட்டேன். ரயிலும் உண்டு, ஆனால் ஸ்டேஷனில் மாட்டு வண்டி கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம்.

தோட்டம் இன்னும் இரண்டரை மைல். வண்டிக்காரர் ஆறணா கேட்டு நாலணாவுக்கு இறங்கினார். இரண்டு பக்கமும் பருத்தி வெடித்துக் கிடந்தது.

"ஏனுங்க, பருத்தி பாக்க வந்தீங்களா?"

"இல்லை, ஸ்டாம்பு பார்க்க."

"அட, கோயில் ஸ்டாம்புங்களா!" என்று அவர் முழுவதுமாகத் திரும்பி உட்கார்ந்துவிட்டார். மாடுகள் தாமாகவே நடந்தன. "பொண்ணு பொறந்தா வந்து தீர்த்தமாடறேன்னு அந்தம்மா வேண்டுனாங்க. பொண்ணுக்கு ஒம்போது வயசாச்சுங்க. கவுண்டருக்கு ஒரு வருசம் கெணறு, ஒரு வருசம் கரண்டு மோட்டாரு. கேட்டா, பருத்தி எடுத்ததும் போலாம்பாருங்க."

கவுண்டர் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். மோர் வந்தது. மோர் முடியும் முன் காப்பி வந்தது. தாள் வந்த கதையையும் அவரே சொன்னார். பருத்திக் கடிதங்களுக்காக அதை மொத்தமாக வாங்கினாராம். "ஒண்ணைக் கிழிச்சு நக்கி ஒட்டலாம்னு தாளுல கையை வெக்கறேனுங்க, புடுங்கிப்போட்டா! கோயிலை நாக்குல தொடறதான்னு ஒரே சண்டைங்க. சரி, வெச்சிரு, வெலை வந்தா வித்து அந்தக் காசுல ராமேஸ்வரம் போலாம்னு சொல்லிப்போட்டேன்."

அந்தம்மா உள்ளேயிருந்து தாம்பாளத்தில் தாளை எடுத்து வந்தார். பட்டுச் சேலை உடுத்தியிருந்தார். தாளின் நாலு மூலையிலும் சந்தனம். ஒவ்வொரு தலையிலும் கோயிலுக்குச் சரியாகக் குங்குமம், ஈரம்கூடக் காயவில்லை. பக்கத்திலேயே இருந்த மன்னரின் மேல் ஒரு துளியும் படவில்லை.

"என்னங்க இது, இப்படிச் செஞ்சுட்டீங்க?" என்று கத்தியே விட்டேன்.

"உங்க கார்டு வந்துச்சுங்க. ஊட்டை உட்டு வெளிய போற சாமியைப் பொட்டு வெக்காம எப்புடிங்க அனுப்பறது? காலையில தலைக்குத் தண்ணி வாத்துக்கிட்டு வெச்சேனுங்க."

"மன்னருக்கு மட்டும் வைக்கலையே?"

"அவருக்கு எதுக்குங்க பொட்டு?"

கறைபட்ட தலையைச் சேகரிப்பவர் எவரும் வாங்கமாட்டார், கழுவினால் பசை போய்விடும், இனிமேல் இது தபாலுக்கு மட்டுமே ஆகும் என்று விளக்கினேன். சுருக்கமாகச் சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு வருஷத்து அறிவையெல்லாம் அந்தம்மாளின் தலையில் கொட்டினேன். அவர் தாம்பாளத்தைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார்.

"அப்ப எனக்கு ராமேஸ்வரம் இல்லீங்களா?" என்றார். கவுண்டரிடம் அல்ல, என்னிடம் கேட்டார். வெட்கமாகப் போய்விட்டது.

பையிலிருந்து பத்து ரூபாயை எடுத்தேன். "தாள் உங்களிடமே இருக்கட்டும். நீங்கள் ராமேஸ்வரம் போனதும் அதில் ஒரு தலையை ஒட்டி, அங்கேயுள்ள தபாலாபீஸில் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். ராமேஸ்வரத் தலையில் ராமேஸ்வர முத்திரை. அதற்கு இந்த விலை தருகிறேன்" என்றேன். தயவு பாதி, பேராசை பாதி. எது அதிகம் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

கவுண்டரின் முகம் கறுத்துவிட்டது. நோட்டை என் பையிலேயே திணித்தார். "வெளியூர்க்காரர் காசுல பொண்டாட்டியைத் தீர்த்தத்துக்கு அனுப்புனான்னு பேர் எனக்கு வேண்டாமுங்க. பருத்தி எடுத்ததும் நானே கூட்டிப்போறேன்" என்றார். அந்தப் பேச்சை அந்தம்மா ஒன்பது வருஷமாகக் கேட்டவர். நானும் நம்பவில்லை. ஆனாலும் போத்தனூர், பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல், மதுரை, மானாமதுரை, பாம்பன் என்று ரயில் வழியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அந்தம்மாளிடம் கொடுத்துவிட்டு வந்தேன். சாப்பிடாமல் விடமாட்டேன் என்றார்கள். வீடு திரும்ப மாலை நாலாகிவிட்டது.

தலை தேடிக் கிராமங்களுக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அறுவடைக் காலத்தில் போனால் தங்கும் செலவில்லை, வீட்டுக்காரர்கள் திருப்பி அனுப்பமாட்டார்கள். பூதக்கண்ணாடியை வாசலிலேயே வெளியே எடுக்காதீர்கள், சர்க்கார் ஆள் என்று நினைப்பார்கள். முக்கியமாக, வருகிறேன் என்று முன்கூட்டி எழுதவே எழுதாதீர்கள். எனக்குப் போக வர எல்லாம் சேர்ந்து ஒரு ரூபாய் ஒன்றரை அணாதான் ஆயிற்று, ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு முழுத் தாளும் போயின.

இப்படித்தான் இந்தக் கட்டுரையை முடித்து வைத்திருந்தேன். மாசி சிவராத்திரி கழிந்த ஐந்தாம் நாள் ஒரு உறை வந்தது. ஓரணாத் தலை, அதன்மேல் ராமேஸ்வரம் முத்திரை வட்டமாக, பிசகாமல் விழுந்திருந்தது. ஆனால் குங்குமம் கரைந்து, கோயிலைத் தாண்டி மன்னரின் கன்னம் வரை சிவந்திருந்தது. அவ்வளவு தண்ணீரைத் தொட்டு எவன் தலை ஒட்டினான் என்று எரிச்சலோடு பிரித்தேன். உள்ளே கவுண்டரின் கையெழுத்தில் மூன்றே வரி.

"வேண்டுதல் முடிஞ்சுதுங்க. பொண்ணையும் கூட்டியாந்தோம். ஸ்டாம்பை நாக்குல தொடலைங்க, ஊட்டுக்காரி தீர்த்தத்தைத் தொட்டு ஒட்டுனாளுங்க."

உறையை என் மனைவியிடம் காட்டினேன். அவள் அதைக் காகிதம் என்று சொல்லவில்லை. வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.