பகலில் பார்த்த அருந்ததி

இங்கே பிற்பகல் மூன்றரை மணிக்கே நட்சத்திரம் வந்துவிடுகிறது. நார்வேயின் வடகோடியில், ஒரு மீன் கம்பெனியில் எனக்கு வேலை. மார்கழியில் சூரியன் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஷிஃப்ட் முடிந்து ரப்பர் பூட்ஸைக் கழற்றிவிட்டு வெளியே வந்தால், கடலுக்கு மேலே சப்தரிஷி மண்டலத்தின் ஏழு நட்சத்திரங்களும் பளிச்சென்று நிற்கும். என் ஊர் எம். புதுப்பட்டியில் அதே மூன்றரை மணிக்கு டீக்கடையில் வடை போட ஆரம்பிப்பார்கள், வெயில் மண்டையைப் பிளக்கும். மூன்று வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை.

ஊரில் சப்தரிஷிகள் பாதி வருடம் கண்ணுக்கே தட்டுப்பட மாட்டார்கள். துருவ நட்சத்திரமோ தண்ணீர்த் தொட்டி உயரம்கூட ஏறாமல் புழுதியிலேயே கிடக்கும். இங்கே அதைப் பார்க்க அண்ணாந்தால் கழுத்து வலிக்கிறது. இவ்வளவு வடக்கே வந்து என்ன கிழித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

கம்பெனியில் ஓலா என்றொரு பெரியவர், முன்னாள் படகுக்காரர். அந்த ஏழு நட்சத்திரங்களையும் அவர் கார்ல்ஸ்வொங்னா என்பார். கார்ல் என்ற ராஜாவின் வண்டியாம். "வண்டியின் பின்பக்க இரண்டு நட்சத்திரங்களைப் பிடித்து நேரே போ, வடக்கு நட்சத்திரம் வரும். திசைகாட்டி கெட்டுப்போன நாட்களில் என் அப்பா அப்படித்தான் கரை சேர்ந்தார்" என்றார். எங்கள் ஊரில் அது ஏழு முனிவர்கள் என்றேன். ஆறு பேரின் மனைவிகள் பிரிந்துபோனார்கள், அருந்ததி மட்டும் வசிஷ்டர் பக்கத்திலேயே சின்னதாக ஒட்டிக்கொண்டிருக்கிறாள், கல்யாணத்தன்று காலை பத்து மணிக்கு நாங்கள் அவளைப் பார்ப்போம் என்றும் சொன்னேன். ஓலா யோசித்துவிட்டு, "உங்கள் ஊரிலும் பகலில் இருட்டுமா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

எங்கள் கல்யாணத்தில் பூசாரி வாசலுக்கு அழைத்துப்போய், வெள்ளை வெயிலில் விரலை நீட்டி, "தெரியுதா தாயி?" என்றார். என் மனைவி மாரி கண் கூசியபடி, "தெரியுது" என்றாள். கொஞ்சம் இழுத்து, பெரியவர்கள் மனம் கோணாமல் சொல்கிற குரல். பிறகு என் காதில், "ஒரு மண்ணும் தெரியல" என்று சிரித்தாள். சித்திரையில் நிஜமாகவே காட்டுகிறேன் என்றேன். காட்டவே இல்லை. இருவருக்கும் பட்டாசு வேலை, பொழுது சாய்ந்தால் தூக்கம்.

அவளுக்கு மணிமருந்துப் பிரிவு. வாணவெடிக்குள் வைக்கிற மருந்து உருண்டைகள் அவை, மேலே போய் நட்சத்திரமாகச் சிதறுகிறவை. ஒரு நாள் மருந்து உரசித் தட்டிலேயே வெடித்தது. உயிர் தப்பியது, கண் இரண்டும் போயின. அதன் பிறகு என்னால் அந்தப் பட்டாசு ஆலைக் கேட்டுக்குள் கால் வைக்க முடியவில்லை. அவள் வைத்தியத்துக்காக என்று சொல்லித்தான் விமானம் ஏறினேன். பாதி உண்மை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை, அது மீதி.

இடது கண்ணாவது வரும் என்று சென்ற வாரம் மதுரையில் கடைசியாக ஓர் ஆபரேஷன் செய்தார்கள். நேற்று ஷிஃப்ட் முடிந்து வாசலுக்கு வந்ததும் வீடியோவில் கூப்பிட்டேன். மைத்துனன் செல்வம் போனைப் பிடித்திருந்தான். மாரியின் கண்ணில் கட்டு இல்லை.

"சாப்பிட்டீகளா?" என்றாள்.

"அதிருக்கட்டும். கண்ணு தெரியுதா?"

"தெரியுது."

கொஞ்சம் இழுத்த அதே குரல். சிவப்புக் கம்பளிக் குல்லாவைக் காது வரை இழுத்து விட்டுக்கொண்டு, "நான் எப்படி இருக்கேன், சொல்லு பாப்போம்" என்றேன்.

"முடி வெட்டீருக்கீக. நல்லாருக்கு."

செல்வம் போனைத் தன் பக்கம் திருப்பினான். "மச்சான், இனி ஒண்ணும் செய்யிறதுக்கில்லைன்னுட்டாரு டாக்டரு. அக்காதான் சொல்லக் கூடாதுன்னுச்சு."

அழுதேன். மறுபடி மாரி வந்தாள். "அழுகாதீக. நீங்க இப்ப எந்தப் பக்கம் இருக்கீக?"

"வடக்க."

அவள் பாயிலிருந்து எழுந்து, கைகளால் காற்றைத் தடவி, எனக்கு நேராக நிற்பதாக நினைத்துத் திரும்பினாள். காலண்டர் மாட்டிய தெற்குச் சுவர் அது. நானும் அவள் இருக்கும் தெற்கைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். இப்போது இருவரும் ஒரே திசையைப் பார்த்து நின்றோம். நான் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தேன்.