ஞானபாய் எழுதிய ‘ஆண்மை’

ஆண்மை என்றால் என்ன? அகராதியைப் புரட்டாமல் சொல்லுங்கள் பார்ப்போம். திணறுகிறீர்களா? ஞானபாய் திணறவில்லை, தெருவில் போய் விசாரித்தாள்.

1951இல் கிழக்கேகோட்டையில் கோமதிநாயகம் நடத்திய அச்சகத்தில், பள்ளிப் பிள்ளைகளுக்கான தமிழ் அகராதிக்குச் சொற்சீட்டு எழுதியவள் அவள். அச்சுப்பிழை திருத்தியவளும் அவளே. அச்சேறுமுன் வரும் கடைசித் திருத்தப் படியில் கையெழுத்திடும் உரிமை மட்டும் அவளுக்கு இல்லை.

“ஒப்பு ஆம்பளையாக்கும் போடணும்” என்பார் முதலாளி. போடுவார், படிக்கமாட்டார். அந்த ஒப்பைத் தன் கையால் போடவேண்டும் என்று மூன்று வருடமாகக் கேட்டுவந்தாள் ஞானபாய்.

‘ஆண்மை’க்கு அவரே பொருள் சொன்னார்: “ஆள் என்ற வேரிலே பிறந்த சொல். ஆளும் தன்மை, வீரம். எழுதிக்கோ.”

“நாத்து நடுகிற பொம்பளையும் ஆள்தானே மொதலாளி?”

“ஆராய்ச்சி வேண்டாம் பிள்ளே. வழக்கிலே என்ன உண்டோ அதை எழுது.”

வழக்கைக் கேட்க, ஒரு வாரம் சாலைக் கடைத்தெருவிலும் குழாயடியிலும் நின்றாள். “நான் ஆம்பளையாக்கும்” என்று எவன் சொன்னாலும், எந்த வேலையைத் தட்டிக்கழிக்க அப்படிச் சொன்னான் என்று குறித்தாள். சீட்டு இப்படி வந்தது: ‘ஆண்மை: குடம் தூக்காமை, அழும் பிள்ளையை எடுக்காமை, தன் சோற்றைத் தானே போட்டுக்கொள்ளாமை.’

அச்சுக்கோக்கும் தங்கையன் விழுந்து விழுந்து சிரித்தான். “அக்கா, இது அச்சேறுமா?”

“மொதலாளி பாத்து வெட்டட்டும். அப்பமாவது படிப்பாரு.”

அவர் வெட்டவில்லை. ஒப்புப் போட்டார்.

ஐந்நூறு பிரதி அச்சாகிக் கட்டும் கட்டிய பிறகு, ஒரு தலைமையாசிரியர் வந்து அந்தப் பக்கத்தை உரக்கப் படித்தார். கோமதிநாயகம் குதித்தார்.

“ஆருடே இதை விட்டது?”

ஞானபாய் படியை நீட்டினாள். அடியில் அவர் ஒப்பு.

“நான் படிக்கல்லியே!”

“‘படிக்காமை’ங்கிற பொருள் விட்டுப்போச்சு மொதலாளி. அடுத்த பதிப்பிலே சேத்துருவோம்.”

பக்கத்தின்மேல் ஒட்ட ஐந்நூறு திருத்தச் சீட்டு அடிக்கவேண்டியதாயிற்று. அதன் படி வந்தபோது முதலாளி பேனாவைத் தொடவே அஞ்சினார்.

“நீயே பாத்து ஒப்புப் போடு, தாயே.”

போட்டாள். அன்று முதல் எல்லாப் படியிலும் அவள் ஒப்புதான். திருத்தச் சீட்டில் இருந்தது: ‘துணிவு. இருபாலார்க்கும் உண்டு.’ அதையும் அவர் படிக்கவில்லை.

அந்த அகராதி உங்கள் வீட்டில் கிடந்தால், ஒட்டிய சீட்டை உரிக்காதீர்கள். அடியில் உள்ளதற்குச் சான்று உங்கள் வீட்டிலேயே கால்நீட்டி உட்கார்ந்திருக்கும். அது நீங்கள்தான் என்றால், ஐயா, குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. எழுந்து குடத்தை எடுங்கள்.