கீழே போடாத துப்பாக்கி

வெர்லின் ஸ்டக்கி என் அக்கா லோரீனின் கணவர். ஒக்லஹோமாவில் எங்கள் ஊரில் மாட்டுத் தீவனம் விற்பவர். இருபத்தொரு வயதில் இடுப்பில் ஏறிய கைத்துப்பாக்கி, சர்ச்சுக்கும் பல் டாக்டரிடமும்கூட அவரோடு போய்வரும். பத்தொன்பது வருஷமாகத் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறார். முதல் பாடம்: துப்பாக்கியை ஒருபோதும் கீழே போடாதே, குனிந்து, மெதுவாக, அதன் வாய் சுவரைப் பார்க்கும்படி வை. நானும் அங்கேதான் படித்தேன். ஒருமுறை கை தவறிப் போட்டதற்கு முதுகில் ஒன்று வாங்கினேன்.

பிறகு நான் போலீஸ்காரனானேன். ஞாயிற்றுக்கிழமை விருந்தில் என்னைச் சீண்டாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

“ஏன் மாப்ள, கூப்பிட்டா நீ வர இருபது நிமிஷம். அதுவரைக்கும் சுடுறவனுக்குக் காபி போட்டுக் குடுக்கவா?”

“நீங்களும் துப்பாக்கியோட நின்னா, எவன் சுடுறவன், எவரு மச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“மூஞ்சியப் பாத்தா தெரியாதா?”

“ரெண்டு பேரும் வாய மூடிட்டுச் சாப்பிடுங்க” என்பாள் அக்கா.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை, மாட்டு ஏலக் கொட்டகையில் ஒருவன் சுட ஆரம்பித்தான். அங்கே அக்காவுக்கு ஒரு பலகாரக் கடை உண்டு. நான் எதிரே பெட்ரோல் பங்கில் இருந்ததால் மூன்றே நிமிடத்தில் உள்ளே போய்விட்டேன். சுடுபவன் பழுப்புச் சட்டை, தொப்பி என்று வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் உடுப்பு. அக்காவின் கடை முன்னால் அதே உடுப்பில் ஒருவன், எனக்கு முதுகைக் காட்டி, துப்பாக்கியைப் பின்பக்கக் கதவை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தான்.

“துப்பாக்கியக் கீழ போடு!”

அவன் போடவில்லை. முழங்காலை மெல்ல மடக்கினான். என் விரல் விசையைப் பாதி அழுத்திவிட்டது.

“இருங்க, வைக்கிறேன்.”

குரல் வெர்லினுடையது. வாய் சுவரைப் பார்க்கும்படி அதை வைத்து முடிக்க ஏழு விநாடி ஆயிற்று. அந்த ஏழு விநாடியும் நான் அவரைத்தான் குறிபார்த்துக்கொண்டிருந்தேன். கதவுக்கு அப்பால் மூன்று நிமிடமாக அவர் தலைதூக்க விடாமல் அடக்கி வைத்திருந்த நிஜமான ஆள் வெளியே வந்து இரண்டு முறை சுட்டான். அதன் பிறகுதான் நான் அவனைச் சுட்டேன். கல்லாவுக்குப் பின்னால் பதுங்கியிருந்த அக்காவின் வலது தோளில் ஒரு குண்டு பாய்ந்திருந்தது.

மே மாதம் மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. ஆயுதம் வைத்திருந்த பொதுமக்கள் போலீசுக்கு உதவினார்களா? ஆம், இல்லை, இரண்டு கட்டம். ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு போனேன். தூக்க முடியாத கையோடு அக்கா உட்கார்ந்திருக்க, வெர்லின் அவளுக்கு இறைச்சி நறுக்கிக்கொண்டிருந்தார்.

“ஆமான்னு போடு மாப்ள. மூணு நிமிஷம் அவன அசைய விடலையே நான்!”

பொய்யில்லை. நான் பேனாவைத் திறந்தேன்.

“ஏங்க, பொத்துன்னு கீழ போட்டிருக்கலாம்ல?” என்றாள் அக்கா. கோபமே இல்லாமல்தான் கேட்டாள்.

வெர்லின் கையிலிருந்த கத்தியை மெதுவாக, முனை சுவரைப் பார்க்கும்படி, மேசைமேல் வைத்தார்.