எனக்காகப் போட்ட சட்டம்

முருகனை நம்புகிறவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கிள்ளானில் எங்கள் வீடு. எனக்கு மார்பில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து வீட்டில் யாரும் அந்த வார்த்தையை உச்சரிக்கவில்லை. நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். என் கண்ணைப் பார்க்க எல்லாருக்கும் பயம். உயிரோடு இருக்கும்போதே ஆவி மாதிரி வீட்டைச் சுற்றி வந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, விளக்குத் திரி தேடி அலமாரிக்கு மேலே கை விட்டேன். பழைய புடவையில் சுற்றிய ஒரு படம் இருந்தது. பிரித்தேன். நான்தான். பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாலை மாட்ட ஆணியும் அடித்திருந்தது. கூடவே ஒரு சின்னச் சிவப்பு பல்பு. எல்லாம் என் கணவர் வேலை. கண்ணாடியில் என் முகத்தின் மேல் என் முகமே நிழலாக விழுந்தது.

“முருகா, உயிரைக் கேக்கல. யாராவது எங்கிட்டப் பேசட்டும்” என்று அழுதேன்.

மறுவாரமே கிளினிக் நர்ஸ் ஒருத்தி, பிரிக்பீல்ட்ஸில் புற்றுநோயாளிகள் கூடிப் பேசும் குழுவைப் பற்றிச் சொன்னாள். மனநல ஆலோசகர் ஒருவர் நடத்துகிறாராம். போனேன். படத்தைப் பற்றிச் சொன்னதும் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். காப்பாரிலிருந்து வரும் ராணி மட்டும் கேட்டாள், “படத்துல நல்லா இருக்கீங்களாக்கா?”

சிரித்துவிட்டேன். கூப்பிட்ட குரலுக்கு முருகன் வந்துவிட்டான் என்று தெரிந்தது.

ஒருநாள் என் கணவரும் வந்தார். “பேசினா ஆயுசு கூடுமா?” என்று கேட்டார்.

“அப்படி வாக்குக் குடுக்க முடியாது அங்கிள். மருந்தை நிறுத்தாதீங்க. ஆனா அவங்க தனியா பயப்பட வேணாம்” என்றார் ஆலோசகர்.

திரும்பும் வழியில் காரிலேயே அழுதார் மனுஷன். “அவசரத்துல நல்ல படம் கிடைக்காதுன்னு பயந்துட்டேன் லா.”

எங்களில் வாய் ஓயாமல் பேசியவள் ராணி. முதலில் போனதும் அவள்தான். “அந்தச் சட்டம் எனக்கு” என்று விளையாட்டாகச் சொல்லியிருந்தாள். என் படத்தைக் கழற்றிவிட்டு, பல்போடு சேர்த்து அவள் வீட்டில் கொடுத்தேன். அவள் படம் அதில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

எனக்கு நீண்ட ஆயுசு கிடைத்தது. அவளுக்கு ஏன் இல்லை? பேச்சா, மருந்தா, எனக்குத் தெரியாது. நான் கேட்டது பேச ஓர் ஆளை. அதை முருகன் கொடுத்தான். நீங்களும் அவனிடம் கேளுங்கள். வீட்டில் யாராவது நோயில் கிடந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

ராணியின் வீட்டுக்கு இன்றும் போகிறேன். சிவப்பு பல்பு எரிகிறது. கிட்டே போனால், அந்தக் கண்ணாடியில் முதலில் தெரிவது என் முகம்தான்.