காருக்கு மூன்று போர்வை

கடந்த தை மாதம் ஹனோவரில் அக்காவின் மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை என்னுடைய பழங்காலக் காரில்தான் வந்து இறங்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். நான் இருக்கும் பான் நகரில் இருந்து அதைத் திறந்த ட்ரெய்லரில் ஏற்றினேன். பனி உருகுவதற்காக வீதியெங்கும் உப்புத் தூவியிருந்ததால், காரை மூன்று போர்வைகளால் இறுக்கி மூடினேன்.

ட்ரெய்லர் சாரதி அகதி முகாமில் இருந்து அண்மையில்தான் வெளியே வந்தவர்.

"அண்ணை, உப்புத்தண்ணி கீழாலைதான் அடிக்கும். மேலை மூடி என்ன பிரயோசனம்?" என்றார்.

நேற்று வந்தவர் எனக்குக் கார் படிப்பிக்கிறார்!

"நீ வண்டியை ஓட்டு, காணும்" என்றேன்.

மண்டபத்தில் காரை இறக்கியதும் நான் வேட்டி மாற்றப் போனேன். திரும்பி வந்தால், அவர் நிலத்தில் மல்லாந்து கிடந்து, சமையலறையில் வாங்கிய சுடுதண்ணீரால் காரின் அடிப்பகுதியைக் கழுவிக்கொண்டிருந்தார். உடுப்பெல்லாம் ஈரம், சேறு.

"ஆரைக் கேட்டுக் கை வைச்சனீ?"

"உப்பை விட்டால் தகரத்தைத் தின்னும், அண்ணை."

"இந்தக் கோலத்திலை உள்ளுக்கை வராதை. போ!"

எழும்பிப் போய், ஈர உடுப்போடு வாசலில் நின்றார்.

பனிக்காலம் முடிந்ததும் காரைத் தூக்கிப் பார்த்த ஜெர்மன் மெக்கானிக், "துருவே இல்லை. உடனே கழுவியிருக்கிறீர்கள், கெட்டிக்காரர்" என்றார். வெட்கமே இல்லாமல் தலையாட்டினேன்.

காருக்கு மூன்று போர்வை தேடிய எனக்கு, கல்யாண வீட்டு வாசலில் நடுங்கி நின்ற மனிதரைச் சாப்பிடக் கூப்பிடத் தோன்றவில்லை.