மாமா பார்த்த ரோடு

அக்கா வீட்டுக் கணினியின் பின்பக்கத்தில் திரையின் வயரைச் செருக இரண்டு இடங்கள் உண்டு. மேலே உள்ளது கணினியோடு கூடவே வந்தது. கீழே உள்ளது, படம் தெளிவாகத் தெரிவதற்கென்று பிற்பாடு வாங்கிப் போட்ட கிராபிக்ஸ் கார்டுக்கு உரியது. வயர் கீழேதான் இருக்க வேண்டும். மேலே இருந்தால் படம் வரும், ஆனால் அந்தப் படத்துக்கும் கார்டுக்கும் சம்பந்தமே இருக்காது. கார்டு தன் விசிறியைச் சுற்றிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். அக்கா வீட்டில் வயர் மேலேதான் இருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு நிறுவனத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்வதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. அப்படிப்பட்ட நான், ஞாயிற்றுக்கிழமை தோறும் கள்ளிக்குப்பத்தில் அக்கா வீட்டுக்குப் போய், அந்தக் கணினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, வயரைத் தொடாமல் திரும்பி வருகிறேன்.

அந்தக் கணினியை வாங்கியது அக்காவின் கணவர். எனக்கு மாமா. திருமழிசையில் இருக்கும் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்ஸை வெகுகாலம் ஓட்டினார். விடிவதற்குள் கோவில்பதாகையில் தொடங்கி, ஆவடி சுற்றி, பூந்தமல்லி வழியாக நெடுஞ்சாலையைப் பிடித்து, முதல் ஷிப்டு மணி அடிப்பதற்குள் ஆட்களை இறக்கிவிட வேண்டும். தெரு முனையில் யாராவது ஓடி வருவது தெரிந்தாலே கதவைத் திறந்துவைத்துவிடுவார். பஸ் நிற்பதற்கு முன்னால் கதவு திறந்திருக்கும். இதற்காக மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. அவருடைய அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அந்த வம்சத்தில் ஸ்டியரிங் பிடித்த முதல் ஆள் தான்தான் என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை. கல்யாண வீட்டில் சாப்பிடும்போதுகூட அதைச் சொல்லாமல் இலையை மடிக்கமாட்டார்.

பிறகு சர்க்கரை வந்தது. காலில் ஒரு சின்னப் புண். செருப்புக் கடி என்று சொல்லி மஞ்சள் வைத்துக்கொண்டு திரிந்தார். கடைசியில் வலது பாதத்தை எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஆக்சிலேட்டரை மிதிக்கிற கால். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகும் பழைய நேரத்துக்கே எழுந்து, குளித்து, விபூதி பூசிக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்துவிடுவார். தெருவில் பஸ் சத்தம் கேட்டால் எந்த கியரில் போகிறது என்று முணுமுணுப்பார். அதைக் கேட்கும்போது எனக்கு எரிச்சல்தான் வரும். துக்கம் அதிகமானால் எனக்கு எரிச்சலாகத்தான் வெளிப்படும், பிறவிக் குணம்.

பஸ் ஓட்டுகிற கணினி விளையாட்டு ஒன்று இருப்பதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு அவர்தான் என்னைக் கூப்பிட்டார். நம் ஊர் பஸ், நம் ஊர் ரோடு, நம் ஊர் ஹாரன் சத்தம் எல்லாவற்றையும் யாரோ பையன்கள் செய்து அதில் சேர்த்திருந்தார்கள். மாமாவை அதிசயிக்க வைத்தது வேறு விஷயம். "கால் வாணாம்மா. வெரல் போதுமாம்" என்றார். இந்த வயதில் விளையாட்டு ஒரு கேடா என்று முனகிக்கொண்டிருந்த அக்கா அதைக் கேட்டதும், எவ்வளவு ஆகும் என்று என்னிடம் கேட்டாள்.

கம்பெனி அவர் கணக்கை முடித்துக் கொடுத்த பணத்தில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கினார்கள். கொஞ்சப் பணத்தில் விளையாட்டுக்கான கணினி சேர்ப்பது எப்படி என்று மாமா வீடியோவாகப் பார்த்துத் தள்ளினார். நான் ஒன்று சொன்னால் அவர் ஒன்று சொல்வார். பழைய பிராசஸராகப் போட்டு, மிச்சத்தில் ஒரு கார்டு வாங்கிவிடலாம், முதல் நாளிலிருந்தே படம் நன்றாக இருக்கும் என்பது என் கட்சி. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. எஞ்சினும் சேசிஸும் முதலில் நன்றாக இருக்க வேண்டும், பாடி பிறகு கட்டிக்கொள்ளலாம் என்றார். அதாவது பிராசஸரும் மதர்போர்டும் புதிதாக, நல்லதாக. மின்சாரம் கொடுக்கும் பெட்டி, நாளை வரப்போகும் கார்டுக்கும் சேர்த்துத் தாங்குவதாக. கார்டு அடுத்த வருஷம். அதுவரை பிராசஸரே காட்டுகிற படம் போதும். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று அவர் சொல்லும்போதெல்லாம் அக்கா அடுப்படிக்குப் போய்விடுவாள். கால் புண்ணைப் பார்த்த டாக்டர் சிறுநீரகத்தைப் பற்றியும் ஏதோ சொல்லி அனுப்பியிருந்தார்.

கணினிச் சாமான்கள் விற்கும் ரிச்சி தெருவுக்கு அவரும் வந்தார். ஊன்றுகோலோடு அந்தக் கூட்டத்தில் அவரை நடத்திப் போவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. கடைக்காரர் நான்கு பக்கமும் வண்ண விளக்கு எரியும் கேபினெட்டை, அதாவது கணினியின் வெளிக்கூட்டை, காட்டினார். மாமா அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கல்யாண வண்டி மாரி கீதுபா. எனக்கு தெனம் ஓடற லைன் வண்டி குடு" என்றார். கடையே சிரித்தது. பெட்டிகளின் மேல் அச்சிட்டிருந்ததை எல்லாம் என்னைப் படிக்கச் சொன்னார். ஆங்கிலம் என்பதால் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். தமிழில் ஒட்டியிருந்த விலைச் சீட்டையும் என்னைத்தான் படிக்கச் சொன்னார் என்பது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

ஆயுத பூஜை அன்று கேபினெட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். டயர் இல்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று அக்கா கேட்டாள். அவர் பழத்தைத் தரையில் வைத்து ஊன்றுகோலால் நசுக்கிவிட்டு, ஆகிவிட்டது என்றார். இன்னொரு காரியமும் செய்தார். மலிவான கேபினெட்டில், பின்னால் கார்டு வரும் இடத்தை ஒரு தகடு மூடியிருக்கும். கார்டு வாங்கிய பிறகு அதை உடைத்து எடுக்க வேண்டும். உடைத்தால் திரும்ப ஒட்டாது. மாமா அதை அன்றைக்கே உடைத்துவிட்டார். ஏறுகிறவர் வருவதற்கு முன்னால் கதவைத் திறந்தாயிற்று. அந்த ஓட்டை வழியாகப் பல்லி உள்ளே போகிறது என்று அக்கா துணியைத் திணிப்பாள், அவர் பிடுங்கி எறிவார். இந்தச் சண்டை அந்த வீட்டில் மாதக்கணக்கில் நடந்தது.

முதல் ஷிப்டு நேரத்துக்குக் கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவார். காக்கிச் சட்டைகூடப் போட்டுக்கொள்வார். நான் போகும் நாட்களில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கண்டக்டர் வேலை பார்ப்பேன். நல்ல நாட்கள் அவை. ஆனால் கொஞ்ச நாளில், ரோடு மங்கலாக இருக்கிறது என்று சொல்லத் தொடங்கினார். தூரத்தில் வருவது தெரியவில்லை, மரம் திடீரென்று முளைக்கிறது என்றார். கார்டு இல்லாத கணினியில் அப்படித்தான் இருக்கும் என்று நானும் சொன்னேன். உண்மையும் அதுதான், தூரத்து மரங்கள் தாமதமாகத்தான் வந்தன. "டிரைவருக்கு தூரம் தெரியணும்மா. கிட்ட இருக்கறது பாசஞ்சருக்கே தெரியும்" என்றார். கார்டு ஒன்று வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மூன்று பேருமே நம்பினோம்.

அடுத்த வருஷம் என்று அவர் சொன்னது பொய்க்கவில்லை. என்னோடு வேலை பார்ப்பவர் புதுக் கார்டு வாங்கியபோது பழையதை நான் வாங்கிக்கொண்டேன். ஒரு ஞாயிறு காலை கொண்டுபோய்ப் பொருத்தினேன். மூடியைப் போட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். அதற்குள் அக்கா மேசையைத் துடைத்து, வயர்களை எல்லாம் செருகி, கணினியைப் போட்டுவிட்டிருந்தாள். மாமா வண்டியை எடுத்தார். கொஞ்ச தூரம் போனதும், "அட்டகாசமா கீதுமா. எல எலயா தெரியுது" என்றார். மூன்று பேரும் கேசரி சாப்பிட்டோம். நான் திரையைக் கவனிக்கவே இல்லை, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

சில வாரம் கழித்துக் கணினியில் சத்தம் வரவில்லை என்று பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். திரையின் வயர் மேலேயே இருந்தது. அக்காவைக் கேட்டேன். எப்போதும் இருக்கும் இடத்தில்தானே செருகினேன் என்றாள். கார்டு பொருத்திய நாளிலிருந்து அது ஒரு படத்தையும் காட்டியிருக்கவில்லை. அதே பழைய ரோடு, அதே திடீர் மரங்கள். அப்படியானால் இலை இலையாக அவர் பார்த்தது என்ன? நாங்கள் இருவரும் திரும்பி அவரைப் பார்த்தோம். டீ டம்ளரைத் தேடி அவர் கை மேசை மேல் தடவிக்கொண்டிருந்தது.

கண்ணுக்குள் ரத்தக் கசிவு, சர்க்கரையால் வந்தது, வெகுநாளாக இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முழுதாகத் திருப்ப முடியாது என்றார்கள். வரும் வழியில் ஆட்டோவில், ஏன் மாமா பொய் சொன்னீங்க என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். வெளியே பார்த்தபடி சொன்னார்: "நீ ஆசையா வாங்கிகினு வந்த. தெர்லன்னு எப்டிமா சொல்றது?"

அதற்குப் பிறகும் அவர் ஓட்டுவதை நிறுத்தவில்லை. வளைவுகள் அவருக்கு மனப்பாடம். மிச்சத்தை நானோ அக்காவோ சொல்வோம், லெப்டு, ஸ்பீடு பிரேக்கர், லாரி வருது என்று. வயரை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மாற்றி யாருக்குக் காட்டுவது? பிறகு டயாலிசிஸுக்கு அலைந்தோம். மழைக்காலத்தில் ஒரு காலை, அவர் முதல் ஷிப்டு நேரத்துக்கு எழுந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து வெகுநாள் கழித்து, கணினியைச் சுத்தம் செய்யும்போது வயரைக் கீழே மாற்றிச் செருகி அந்த விளையாட்டைப் போட்டேன். பஸ் அவர் நிறுத்திய இடத்திலேயே நின்றிருந்தது. ரோடு கோடு போட்டது மாதிரித் தெளிவாக, கண்ணுக்கு எட்டின தூரம்வரை தெரிந்தது. புளியமரத்தில் நிஜமாகவே இலை இலையாகத் தெரிந்தது. நான் அழுதேன். அக்கா வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பழைய எடத்துலயே சொருகுடி. அவரு பாத்த ரோடே இருக்கட்டும்" என்றாள்.

அப்படியே செருகினேன். இப்போது அக்கா அதில் சாயங்கால வேளைகளில் பாட்டு கேட்கிறாள். போன ஞாயிறும் போயிருந்தேன். வயர் மேலேதான் இருக்கிறது.