இரண்டு மிஸ்டர் தாம்பரம்

தாம்பரத்தில் தண்டவாளத்துக்கு மேற்கே ஒரு மிஸ்டர் தாம்பரம், கிழக்கே ஒரு மிஸ்டர் தாம்பரம். மேற்கே இருப்பவர் அத்தாவுல்லா பாய். அவருடைய கறிக்கடைப் பலகையில் ‘மிஸ்டர் தாம்பரம் மட்டன் ஸ்டால்’ என்று எழுதியிருக்கும். கிழக்கே இருப்பவர் ஜெயகிருஷ்ணன். கேன் தண்ணீர் போடும் அவருடைய டெம்போவின் பின்பக்கத்தில் ‘மிஸ்டர் தாம்பரம் வாட்டர் சப்ளை’. நான் மேற்குத் தாம்பரம்காரன், பாய் கடைக் கறியில் வளர்ந்த உடம்பு. அதனால் நடுநிலைமை எல்லாம் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

வினை தொண்ணூற்றெட்டில் தொடங்கியது. அப்போதெல்லாம் ஆணழகன் போட்டி என்றால் மைதானத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்ட மேடை, இரண்டு ஃபோகஸ் லைட், உடம்பு பூராவும் தேங்காய் எண்ணெய், அவ்வளவுதான். ஏரியாவில் ஜெயித்தவன் மாவட்டத்துக்குப் போவான். மாவட்டத்தில் ஜெயித்தவன் மிஸ்டர் தமிழ்நாடு மேடைக்குப் போவான். அங்கேயும் தேறிவிட்டால் ஜிம் சுவர்களில் எல்லாம் அவன் படம் ஏறிவிடும். அந்த வருடம் மிஸ்டர் தாம்பரம் கடைசிச் சுற்றில் நின்றவர்கள் இந்த இரண்டு பேர். முதுகைக் காட்டச் சொன்னார்கள். இருவரும் திரும்பி நின்று முதுகை விரித்த நேரம் பார்த்து மழை கொட்டியது, கரண்ட் போயிற்று, நடுவர்கள் பஸ் பிடிக்க ஓடிவிட்டார்கள். முடிவு சொல்ல ஆளில்லை. எங்கள் ஆட்கள் பாயைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கிழக்கு ஆட்கள் ஜெயகிருஷ்ணனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மறு வருடம் போட்டி நடத்தக் கமிட்டியே இல்லை. பட்டம் இரண்டு பக்கமும் அப்படியே நின்றுவிட்டது.

போன வருடம் சுகுமார் என்ற பொது நண்பர் தன் மகள் கல்யாண ரிசப்ஷனுக்கு இருவரையும் கூப்பிட்டுவிட்டார். மைக் பிடித்தவர் சும்மா இருக்காமல், “நம்ம மிஸ்டர் தாம்பரம் அவர்கள் மேடைக்கு வரவும்” என்றார். முன்வரிசையில் இந்தக் கோடியில் ஒருவர் எழுந்தார், அந்தக் கோடியில் ஒருவர் எழுந்தார். மண்டபமே சிரித்தது.

“இன்னா ஜெயா, யாரைக் கூப்ட்டாங்கன்னு நீ எழுந்த?” என்றார் பாய்.

“நீ எதுக்கு எழுந்தியோ அதுக்குத்தான் பாய்.”

“இந்த வருஷம் மறுபடியும் போட்டி வெக்கிறாங்களாம். அம்பது வயசுக்கு மேலயும் கீதாம். பேர் குடுக்கிறியா?”

“குடுக்கிறேன். தோத்தவன் பேர அழிச்சிடணும். உன் போர்டு, என் வண்டி.”

“சரி” என்று சொல்லிவிட்டு பாய் பிரியாணியைத் தொடாமலே வீட்டுக்கு வந்துவிட்டார்.

வீட்டில் பாயின் மனைவி அஜீசா அக்கா விட்டாரா? “அம்பத்திரெண்டு வயசுல ஜட்டியோட மேடை ஏறணுமா? சம்பந்தி வூட்ல கேட்டா இன்னா சொல்றது?”

“ஆணழகன்னு சொல்லு.”

“அத நான்ல சொல்லணும்!”

சொன்னாரே தவிர, மறுநாளிலிருந்து காலையில் முட்டையை வேகவைத்து, மஞ்சளைப் பிரித்து, வெள்ளையை மட்டும் கொடுத்தவரும் அவர்தான். மட்டனில் கொழுப்பு அதிகம் என்று பாய் அதையும் விட்டார். கறிக்கடை முதலாளி எதிர்ச் சாரி பிராய்லர் கடையில் நெஞ்சுக்கறிக்கு வரிசையில் நின்றார். அதைப் பார்த்த கனகவல்லி டீச்சர், “ஏன் பாய், உங்க கடை கறிக்கு என்ன ஆச்சு?” என்று நடுத்தெருவில் கேட்டுவிட்டார். ஒரு வாரம் வியாபாரம் டல்.

எல்லாரும் சிரித்தோம். ஆனால் ஒரு நாள் பாய் கறி வெட்டிக்கொண்டே தலை நிமிராமல் என்னிடம் சொன்னார்: “போர்டு போனா போவுது. ஆனா அந்தப் பேரும் போச்சின்னா நான் வெறும் கறிக்கடை பாய்தானேப்பா.” இந்த மனுஷன் தோற்கக் கூடாது என்று அன்றைக்கு வேண்டிக்கொண்டேன்.

போட்டி கிழக்கே ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. இப்போது எண்ணெய் எல்லாம் கிடையாது. பாட்டிலில் வருகிற கலரைப் பூசி, ஆளை வார்னிஷ் அடித்த கதவு போல ஆக்கிவிடுகிறார்கள். ஐம்பதுக்கு மேற்பட்டோர் பிரிவில் மூன்று பேர். மூன்றாமவர் சவுரிமுத்து, பள்ளிக்கரணைக்காரர், மறைமலை நகரில் ஷிஃப்ட் வேலை. அவரை நாங்கள் யாரும் சட்டை செய்யவில்லை. பாய் அரை அடி முன்னால் வந்தால் ஜெயகிருஷ்ணன் ஒரு அடி வந்தார். இவர் புஜத்தைக் காட்டினால் அவர் தொடையைக் காட்டினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே இருந்தார்கள்.

முதல் பரிசு சவுரிமுத்துவுக்கு. மற்ற இருவருக்கும் சம மதிப்பெண், இரண்டாமிடத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டுமாம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் நாற்காலி மேல் ஏறிக் கத்தினேன். ஒரு நடுவர், “சார், அவங்க ரெண்டு பேரும் அவங்களுக்கே போஸ் குடுத்துக்கிட்டாங்க. இவர் மட்டும்தான் எங்களுக்குக் குடுத்தார்” என்றார். நாற்காலியை விட்டு இறங்கினேன்.

மேடைக்குப் பின்னால் துண்டை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில், ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். சவுரிமுத்து கோப்பையோடு வந்து முன்னால் நின்றார்.

“அண்ணா, தொண்ணூத்தெட்டுல நான் கூட்டத்துல நின்னுகினு இருந்தேன். உங்க ரெண்டு பேரப் பாத்துதான் ஜிம்முக்கே போனேன். மழை வந்துட்ச்சு. கடைசில யாருண்ணா ஜெயிச்சது?”

ஜெயகிருஷ்ணன் தரையைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன்.

“இவர்தான்” என்றார் பாய்.

ஜெயகிருஷ்ணன் சட்டென்று திரும்பினார்.

“கரண்ட் போனப்புறம் ஒரு மின்னல் அட்ச்சிது. தலையத் திருப்பி உன் முதுகப் பாத்தேன் ஜெயா. அப்படி ஒரு முதுகு எனக்குக் கிடையாது.”

ஜெயகிருஷ்ணனின் கன்னத்தில் கலர் கோடாக இறங்கியது. கடைசியில், “இத்தினி வருஷமா இத உள்ளயே வெச்சிகினு இருந்தியா பாய்?” என்றார்.

“பின்ன இன்னா, கடைல போர்டு எழுதி மாட்டவா?”

முதலில் சிரித்தது ஜெயகிருஷ்ணன்தான்.